முசிறி எங்கே என்று கேட்டார்

சிறுத்தை பார்க்கப் போகவென்று எடுத்த அப்பாவின் கடை வேனிலிருந்து கருவாட்டு வாசத்தை எங்களால் போக்கவே முடியவில்லை. சவர்க்காரம் போட்டுக் கழுவினோம். கதவுகளைத் திறந்துபோட்டு வெயிலில் நிறுத்தினோம். ஹட்டன் மலை வெயிலுக்குக் கருவாட்டை வெல்லும் தெம்பு கிடையாது. கடைசியில் என் மனைவி யூக்கலிப்டஸ் இலைகளைக் கொத்தாகக் கட்டி உள்ளே தொங்கவிட்டாள். அதற்குப் பிறகு வேனில் இரண்டு வாசங்கள் இருந்தன.

"விடு அக்கா. சிறுத்தைக்குக் கருவாடுன்னா உசுரு. தானா வந்து வண்டியில ஏறிக்கும்" என்றான் அவளுடைய தம்பி.

பிள்ளைகள் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு வில்பத்துக் காட்டுப் பாதையில் ஓர் அதிகாரி அந்த வேனுக்குள் தலையை விட்டு முகர்ந்தபோது யாரும் சிரிக்கவில்லை.

இலங்கைக்குச் சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. டயகமவில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நான் ஆசிரியன். அப்பாவுக்கு ஹட்டனில் கருவாடு, வெங்காயம், மிளகாய் விற்கும் கடை. கடை வருமானத்தில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்தேன். சிங்களமும் நன்றாக வரும். படித்துவிட்டு, நான் கற்பித்த தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலேயே ஒரு பெண்ணைப் பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டேன். அப்பா சில வருஷம் பேசவில்லை. பேரப்பிள்ளைகள் வந்ததும் பேசினார், வேனையும் கொடுத்தார்.

என் மனைவிக்குத் தாய் தகப்பன் இல்லை. ஒரே ஒரு தம்பி. அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டுதான் கொழுந்து எடுக்கப் போனதாகச் சொல்வாள். அவன் அதே தோட்டத்தில் தேயிலைச் செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டுகிறவன். கறுத்து, ஒல்லியாக, வாய் ஓயாதவன். பக்கத்து டிவிஷனில் அவனுக்குப் பெண் பேசி வைத்திருந்தோம்.

சுதந்திரத்தோடு எங்கள் சனத்துக்குப் பிரஜாவுரிமை பறிபோயிருந்தது; மனுப் போட்டுத்தான் வாங்க வேண்டும். எனக்கும் என் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அந்த வருஷம்தான் அது கிடைத்தது. அப்பாவின் கடை உறுதிப் பத்திரமும் நகரத்தில் பதிந்த என் பிறப்பும் கைகொடுத்தன. மச்சினனுக்கு அப்படி ஒன்றும் இல்லை. அவனுடைய மனு நிலுவையில் இருந்தது; அடுத்த மாதம் விசாரணை. விசாரணை தப்பினால் அவன் இந்த நாட்டுக்காரன் இல்லை. என்றைக்கு வேண்டுமானாலும் பிடித்து, அவன் கண்ணால் பார்த்திராத இந்தியாவுக்குக் கப்பல் ஏற்றலாம். பெண் வீட்டாரும் அதற்குத்தான் காத்திருந்தார்கள். "பேப்பரு வந்தா தாலி" என்று பெண்ணின் தகப்பன் சொல்லிவிட்டார்.

அந்த விசாரணையில் எது ஆளைக் கவிழ்க்கும் என்பது எனக்குத் தெரியும். எங்கள் விசாரணையில் கண்ணால் பார்த்தேன். அதிகாரி அப்பாவிடம் தமிழில்தான் கேட்டார்: "உங்கட ஊர் எது?" நாற்பது வருஷமாக ஹட்டனில் கடை வைத்திருக்கும் மனிதர், கொஞ்சமும் யோசிக்காமல் "துறையூருங்க" என்றார். அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். எங்கள் வழக்கறிஞரான புரொக்டர் எழுந்து நின்று அரை மணி நேரம் விளக்க வேண்டியிருந்தது.

எங்கள் சனத்துக்கு 'ஊர்' என்றால் தகப்பனோ பாட்டனோ இந்தியாவில் புறப்பட்டு வந்த இடம். இருக்கிற இடம் தோட்டம். பிறந்து, வளர்ந்து, பிள்ளை பெற்று, புதைக்கப்பட்டாலும் அது தோட்டம்தான். லயத்தில் பிறந்த குழந்தையிடம் கேட்டாலும் முசிறி, துறையூர், பெரம்பலூர் என்று சொல்லும். எங்கே இருக்கிறது என்று கேட்டால் தெரியாது என்று சொல்லும். ஆனால் வெளியாள் காதில் அது ஒப்புதல் வாக்குமூலம் மாதிரி விழும்.

ஆகவே மச்சினனுக்குப் பாடம் நடத்தினேன். "மாப்ள, ஊர் எதுன்னு கேட்டா டயகமன்னு சொல்லணும்."

"அது தோட்டம் மச்சான். ஊர் எப்பிடி ஆகும்?"

"இனிமே ஊர்தான்."

"அப்ப தோட்டம் எதுன்னு கேட்டா?"

"அதுக்கும் டயகம."

"ரெண்டுக்கும் ஒரே பதிலா? ஒங்க ஸ்கூல்ல இப்பிடி எழுதுனா முட்டை போடுவீங்களே மச்சான்."

இதுதான் அவன்.

பயணத்துக்கான யோசனை என்னுடையது. பேப்பர் கையில் வந்த பிறகு எனக்கு ஒரு பெருமை வந்திருந்தது. நாட்டுக்காரர் ஆகிவிட்டோம், நாட்டைப் பார்க்க வேண்டாமா? சிகிரியா, அனுராதபுரம், அப்புறம் வில்பத்துக் காட்டில் சிறுத்தை. பள்ளி விடுமுறையில் போய்வரலாம் என்றேன். மனைவிக்கு மட்டும் தயக்கம்.

"விசாரணை முடியட்டுமே. தம்பிய இப்ப எதுக்கு அவ்வளவு தூரம் கூட்டிக்கிட்டுப் போகணும்?"

"நான் கூட இருக்கேன்ல" என்றேன்.

முதல் நாள் கண்டியைத் தாண்டி மாத்தளையில் இறங்கும்போதே மலைகள் பின்னால் போய்விட்டன. எங்களுக்குச் சமதரை பழக்கமில்லை. பாதை நேராகப் போய்க்கொண்டே இருந்தது. இரண்டு பக்கமும் மண் வெடித்திருந்தது. "என்னாங்க இது, மறைஞ்சுக்க ஒரு மேடு கூட இல்லையே" என்றாள் மனைவி. எதற்காக மறைய வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எனக்கும் அப்படித்தான் இருந்தது.

மச்சினன் அந்தப் புழுக்கத்திலும் கறுப்புக் கோட்டைக் கழற்றவில்லை. எந்தக் காலத்திலோ தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஒருவர் கொடுத்துவிட்டுப் போன கோட்டு. பல கை மாறி இவனிடம் வந்தது. "கழட்டுடா, வெந்துருவே" என்று அக்கா சொன்னாள். "துரைமாரு கோட்ட கழட்ட மாட்டாங்க அக்கா" என்றான்.

பிள்ளைகள் வழியெல்லாம் ஒரு விளையாட்டுக் கண்டுபிடித்தார்கள். நான் பாடம் நடத்தியதைக் கேட்டிருந்தார்கள் போல. மகளுக்கு அப்போது எட்டு வயது, அவள்தான் அதிகாரி. குரலைக் கட்டையாக்கிக்கொண்டு கேட்பாள்: "உங்கட ஊர் எது?"

மச்சினன் கைகட்டி, கண்ணை உருட்டி, ரொம்ப நேரம் யோசிப்பதுபோல் பாவனை செய்து, "முசிறிங்க ஐயா" என்பான்.

"தப்பு! தப்பு!" என்று இருவரும் கத்துவார்கள்.

"ஐயோ, தப்பா? அப்ப... நானுஓயா?"

"தப்பு!"

"ஆ, டயகமங்க ஐயா!"

அவர்கள் கைதட்டுவார்கள். மறுபடியும் முதலிலிருந்து. அவனுக்குப் பாடம் நன்றாகப் பதிந்திருந்தது. தப்பான பதிலை அவன் சிரிப்புக்காக மட்டுமே சொன்னான். இதை இங்கே அழுத்திச் சொல்லி வைக்கிறேன்.

சிகிரியாக் குன்றின் பாதி உயரத்தில் நான் நின்று, அரசனின் கதையைச் சொன்னேன். தகப்பனைக் கொன்றுவிட்டு, தம்பி வந்துவிடுவானோ என்று பயந்து பாறை உச்சியில் மாளிகை கட்டிக்கொண்டவன். மச்சினன் அண்ணாந்து பார்த்தான். "இம்புட்டு ஒசரத்துக்குத் தண்ணி தூக்குனவன் யாரு மச்சான்? அவன் பேரு எங்கயாச்சும் எழுதியிருக்கா?" என்றான். பக்கத்தில் நின்ற சில பயணிகள் திரும்பிப் பார்த்தார்கள். நான் சொற்பொழிவை நிறுத்தினேன். அவன் கேலி செய்யவில்லை, உண்மையாகவே கேட்டான் என்று இப்போது தெரிகிறது. அன்று எனக்கு அது குறுக்கே பேசியதாகத்தான் பட்டது.

அனுராதபுரத்தில்தான் நான் கெட்டேன்.

நாங்கள் தங்கியது பயணிகளுக்கான ஒரு வாடி வீட்டில். முற்றத்தில் கொழும்பிலிருந்து வந்த ஒரு கனவான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இங்கிலீஷில் பேசத் தொடங்கினார். அங்கிருந்த புத்த தாதுகோபங்களைப் பற்றி நான் படித்ததையெல்லாம் சொன்னேன். அவர் மிகவும் மதித்துக் கேட்டார். என் வாழ்க்கையில் அப்படி ஒருவர் என்னைச் சமமாக நடத்தியது குறைவு. அந்த நேரம் பார்த்து மச்சினன் வந்தான். வெறுங்கால், வேட்டி முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருந்தது, மேலே அந்தக் கோட்டு.

"மச்சான், அக்கா சாப்புடக் கூப்புடுது."

கனவான் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, யார் என்று என்னைக் கேட்டார்.

எங்கள் வேலையாள் என்றேன்.

இங்கிலீஷில் சொன்னதால் அவனுக்குப் புரியாது என்று நினைத்தேன். ஆனால் கனவான் சட்டைப்பையிலிருந்து காசை எடுத்து அவனிடம் நீட்டி, உடைந்த தமிழில், "போ, சிகரெட் வாங்கி வா" என்றார். மச்சினன் காசைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான் வாடி வீட்டின் பின்னாலிருந்த குளத்தைப் பார்த்தேன். அதில் ஒன்றும் இல்லை.

அவன் போய் சிகரெட் வாங்கி வந்தான். மீதியைக் கனவானின் கையில் பவ்வியமாக வைத்தான். பிறகு என்னிடம் திரும்பி, "சாப்புட வாங்க ஐயா" என்றான்.

தோட்டத்தில் ஐயா என்பது கிளாக்கரையும் கணக்குப்பிள்ளையையும் கூப்பிடும் சொல். ஆசிரியனான என்னையும் மற்றவர்கள் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவன் கூப்பிட்டதில்லை. அன்றிலிருந்து வேறு எப்படியும் கூப்பிடவில்லை.

மறுநாள் காலை வேனில் ஏறும்போது: "முன்னாடி ஒக்காரட்டுங்களா ஐயா, பின்னாடி ஒக்காரட்டுங்களா?" தண்ணீர்ப் போத்தலை எடுத்துக் கொடுத்து: "குடிங்க ஐயா."

"என்னாடா இது புது மரியாத?" என்று அக்கா கேட்டாள்.

"படிச்சவங்கல்ல அக்கா" என்றான்.

நான் அவனிடம் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். அவன் மனதில் எதையும் நெடுநேரம் வைத்திருக்கிறவன் அல்ல. ஆனால் ஒவ்வொரு ஐயாவுக்கும் எனக்கு அவமானம் கோபமாக மாறிக்கொண்டு வந்தது. இவனுக்காக எவ்வளவு செய்கிறேன், புரொக்டருக்குக்கூட நான்தான் ஏற்பாடு செய்தேன், என்னைப் போய்க் குத்திக் காட்டுகிறானே என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே வண்டியை ஓட்டினேன். வேன் சூடேறக் கருவாட்டு வாசம் மறுபடி கிளம்பியது. யூக்கலிப்டஸ் இலைகள் சருகாகியிருந்தன.

அனுராதபுரத்திலிருந்து மேற்கே போகும் பாதையில் ஒரு தேத்தண்ணிக் கடை. கடைக்காரர் வயதான முஸ்லிம். என் மனைவி பிள்ளைகளுக்குச் சீனி கூடுதலாகப் போடச் சொன்னாள். அவள் பேசியதைக் கேட்டதும் அவருடைய கை நின்றது.

"எங்கிருந்து வாறீங்க? கரைப் பக்கமிருந்தா?"

"இல்லைங்க. தோட்டத்துலருந்து. டயகம" என்றாள்.

அவர் பாதையை ஒருமுறை பார்த்துவிட்டு என்னிடம் குனிந்தார். "தம்பி, இந்தப் பக்கம் அந்தப் பேச்சுப் பேசாதீங்க. ராவோடு ராவா இந்தியாவில இருந்து தோணியில் வந்திறங்கி, இந்தக் காட்டுக்குள்ளால நடந்து வாறவங்களும் இதே பேச்சுத்தான். போன வாரம் இதில வெச்சுத்தான் பிடிச்சாங்க. ஒருத்தர்ட செருப்புக் கூட அங்கிட்டுக் கிடந்துச்சு."

பாதையோரம் பார்த்தேன். செருப்பு இல்லை. ஆனாலும் அங்கே ஒன்று கிடப்பது போலவே இருந்தது.

மனைவி என் சட்டையைப் பிடித்தாள். "என்னங்க, திரும்பிருவோம். சிறுத்தை வேணாம், ஒண்ணும் வேணாம்."

மச்சினன் என்னைப் பார்த்து, "ஐயா என்னா சொல்றாங்களோ அதான்" என்றான்.

அந்த ஒரு சொல்லுக்காகவே நான் திரும்பவில்லை. வேனை முன்னோக்கித்தான் விட்டேன்.

அதற்கப்புறம் வீடுகள் இல்லை. காடு பாதையின் விளிம்புவரை வந்து நின்றது. பறவைச் சத்தம்கூட இல்லை. எங்கள் மலைகளில் எப்போதும் எங்கேயாவது தண்ணீர் விழுந்துகொண்டிருக்கும். அந்தச் சத்தம் இல்லாத இடத்தில் பிள்ளைகளும் தானாகக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். ஒரு வளைவில் ஜீப் ஒன்று பாதையை மறித்து நின்றது. பக்கத்தில் வெட்டிப் போட்ட மரக்கிளை. காக்கி உடுப்பில் நாலைந்து பேர்.

அதிகாரி இளைஞர், மரியாதையான மனிதர். அவரைப் பற்றித் தப்பாகச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. சிங்களத்தில் வணக்கம் சொல்லி, எங்கே போகிறோம் என்று கேட்டார். நான் என் பிரஜாவுரிமைப் பத்திரத்தைக் காட்டினேன். ஆசிரியன் என்றதும் "மாஸ்டர்" என்று அழைத்தார். பிறகு வேனுக்குள் தலையை நீட்டி முகர்ந்தார்.

"கரவல?" என்றார். கருவாடு.

கரையோரத்திலிருந்து வரும் வண்டியில்தான் அப்படி வாசம் வரும். அப்பாவின் கடையைப் பற்றிச் சொன்னேன். அவர் தலையாட்டினார், ஆனால் தலையை வெளியே எடுக்கவில்லை. அவருடைய கண் கோட்டின் மீது நின்றது. அந்த வெயிலில் கோட்டுப் போட்ட ஒருவன், கோட்டுக்குள் எதையோ மறைப்பவன் மாதிரிதான் தெரிந்திருப்பான்.

"இது யார்?"

என் மனைவியின் தம்பி என்றேன். இந்த முறை உண்மையைச் சொன்னேன்.

"கம கொஹேத?" என்றார் அவனிடம்.

உன் ஊர் எது என்று அர்த்தம். மச்சினனுக்குச் சிங்களம் கடைத்தெருவில் சாமான் வாங்கும் அளவுக்குத்தான் வரும். அவன் என்னைப் பார்த்தான். நான்தான் மொழிபெயர்க்க வேண்டும்.

'எந்தத் தோட்டம்' என்று கேட்டிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். டயகம என்பான், போகச் சொல்லியிருப்பார்கள். அதுவே சரியான மொழிபெயர்ப்பும்கூட. அந்த அதிகாரி கேட்க நினைத்தது அதைத்தான். எனக்கு அது தெரியும். ஆனால் அவனைப் பரீட்சிக்க வேண்டும் என்று எனக்குள் ஒரு வாத்தியார் எழுந்து நின்றான். ஐயா என்கிறாயே, ஐயா கேட்கிறேன், சொல்.

"ஊர் எதுன்னு கேக்குறாரு" என்றேன்.

அவன் முகத்தில் பயம் இல்லை. உதட்டோரம் அந்த விளையாட்டுச் சிரிப்பு வந்தது. கையைக் கட்டிக்கொண்டான்.

"முசிறிங்க ஐயா."

பின்னாலிருந்து பிள்ளைகள் இருவரும் ஒரே குரலில், "தப்பு மாமா! தப்பு! தப்பு!" என்று கத்திக் கைதட்டினார்கள்.

அதிகாரிக்கு ஒன்றும் புரியவில்லை. குழந்தைகள் சிரிப்பதைப் பார்த்து அவரும் கொஞ்சம் சிரித்தார். முசிறி என்ற பெயரை அவர் கேள்விப்பட்டதே இல்லை. ஏதோ ஒரு தோட்டம் என்று நினைத்துக்கொண்டார். என்னிடம் கேட்டார்:

"ஏக்க கொஹேத? நுவரெளியேத?"

அது எங்கே, நுவரெலியாப் பக்கமா? வழியை அவரே திறந்து வைத்தார். ஆமாம் என்று தலையாட்டினால் போதும். மச்சினன் ஏன் அப்படித் தைரியமாகக் கேலி செய்தான் என்பதும் எனக்கு அப்போதே புரிந்தது. நடுவில் நான் இருக்கிறேன் என்ற தைரியம். அவன் எதைச் சொன்னாலும் மச்சான் சிங்களத்தில் டயகம என்றுதான் சொல்வார். அந்தக் குத்தல் எனக்கு மட்டும் உரியது. முந்தின நாள் கசப்பைக்கூடச் சிரித்துக் கரைக்கப் பார்த்தான்.

"நே" என்றேன். "இந்தியாவே."

இல்லை, இந்தியாவில். பிள்ளைகளின் கூச்சலில் அது மற்றவர்கள் காதில் விழவில்லை.

நான் சொன்னது அவ்வளவுதான். அதிகாரியின் முகத்திலிருந்து சிரிப்பு போயிற்று. திரும்பி இருவரைக் கூப்பிட்டார். அவர்கள் வேனின் கதவைத் திறந்து மச்சினனின் கோட்டுக் கையைப் பிடித்தார்கள். அப்போதுதான் என் வாய் திறந்தது. இவன் டயகமவில் பிறந்தவன், முசிறியைப் பார்த்ததே இல்லை, மனு நிலுவையில் இருக்கிறது, எங்கள் சனம் பேசும் முறை அப்படி, ஊர் என்றால் எங்களுக்கு வேறு என்று எதையெல்லாமோ சொன்னேன். புரொக்டர் அரை மணி நேரத்தில் விளக்கியதை ஒரு நிமிஷத்தில் விளக்கப் பார்த்தேன்.

"மாஸ்டர், நீங்கள் படித்தவர். கேட்டதும் உண்மையைச் சொன்னீர்கள். இப்போது சொந்தக்காரன் என்பதற்காக மாற்றிப் பேசாதீர்கள்" என்றார் அவர், மிகுந்த மரியாதையோடு.

மச்சினன் ஜீப்பின் பக்கம் போகும்போது திரும்பினான். "மச்சான்" என்றான். ஐயா போய்விட்டது. "மச்சான், அவருகிட்ட என்னா சொன்னீங்க?"

"நீ சொன்னதத்தான் சொன்னேன்" என்றேன்.

என் மனைவி வேனிலிருந்து குதித்து ஓடி வந்தாள். அவளுக்குச் சிங்களம் சுத்தமாகத் தெரியாது. "என்னாங்க? எதுக்குப் புடிக்கிறாங்க? என்னா சொன்னான் இவன்?"

"முசிறின்னு சொல்லிட்டான்."

அவள் அந்த இடத்திலேயே தலையில் அடித்துக்கொண்டாள். "பாவி! படிச்சுப் படிச்சு சொன்னாங்களேடா! இங்கயுமா வெளையாட்டு?"

அவன் அக்காவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். ஜீப் நகரும்போது, "புள்ளைகளுக்குச் சிறுத்தையைக் காட்டிட்டுப் போங்க" என்று மட்டும் கத்தினான்.

நாங்கள் சிறுத்தையைப் பார்க்கவில்லை. வேனைத் திருப்பினேன். திரும்பும் வழியில், மாத்தளைக்கு அந்தப் பக்கம், என் மகன் தூக்கம் கலைந்து, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல், "உங்கட ஊர் எது?" என்று கட்டைக் குரலில் ஆரம்பித்தான். என் மனைவி அவனை ஓங்கி அறைந்தாள். அவள் பிள்ளைகளை அதற்கு முன் அடித்ததில்லை. அந்த விளையாட்டு அத்தோடு முடிந்தது.

மச்சினனைக் கொழும்பில் ஒரு முகாமில் வைத்திருந்தார்கள். அவன் தோட்டத்தில் பிறந்தவன் என்று துரையிடம் ஒரு கடிதம் வாங்கவே நாட்கள் போயின. நான் போய்ப் பார்த்தபோது கோட்டைக் கழற்றியிருந்தான். உள்ளே சட்டை முதுகு முழுக்கக் கிழிந்திருந்தது. அதற்குத்தான் அந்தக் கோட்டு. "நல்ல சட்டைய கல்யாணத்துக்குன்னு மடிச்சு வச்சுட்டேன் மச்சான்" என்றான்.

என் மேல் கோபம் இருப்பதாகக் காட்டிக்கொள்ளவில்லை. அது எனக்கு இன்னும் தாங்க முடியாமல் இருந்தது. பெண் வீட்டைப் பற்றிக் கேட்டான். கவ்வாத்து எந்த மலைக்கு வந்திருக்கிறது என்று கேட்டான். பிறகு, முக்கியமான செய்தி மாதிரி, குரலைத் தாழ்த்தினான்.

"நேத்து ஒருத்தரு வந்து தமிழ்ல கேட்டாரு மச்சான். ஒன்னைய ஊருக்கு அனுப்புறோம், சம்மதமான்னு. சரின்னு கைநாட்டு வச்சுட்டேன்."

நான் குறுக்கே கேட்டேன்: "எந்த ஊருக்குடா?"

"நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க. ஊருன்னா டயகம." சொல்லிவிட்டு என்னையே பார்த்தான். அந்தச் சிரிப்பு இருந்தது. நான் சொல்லிக் கொடுத்ததை உண்மையாகவே நம்பிக் கைநாட்டு வைத்தானா, தெரிந்தே வைத்துவிட்டு எனக்காக அதையும் கேலியாக்கினானா? இத்தனை வருஷமாக யோசித்தும் எனக்குத் தெரியவில்லை. அங்கேயே கேட்டிருக்கலாம். கேட்டால், அந்தப் பாதையில் நான் என்ன சொன்னேன் என்று அவனும் மறுபடி கேட்பான் என்று பயந்தேன்.

மனு நிலுவையில் இருக்கும் ஆளை அப்படி அனுப்பக் கூடாது என்று புரொக்டர் சொன்னார், எழுதினார், அலைந்தார். ஆனால் கைநாட்டு இருந்தது. தலைமன்னாருக்குக் கொண்டுபோய்க் கப்பல் ஏற்றிவிட்டார்கள் என்ற செய்தி, அவன் போய்ச் சேர்ந்த பிறகுதான் எங்களுக்கு வந்தது. பக்கத்து டிவிஷன் பெண்ணுக்கு வேறு இடத்தில் தாலி ஏறியது. மடித்து வைத்திருந்த சட்டையை மனைவி எடுத்து வந்து எங்கள் பெட்டியில் வைத்தாள்.

அவன் முசிறியில் நெடுங்காலம் இருக்கவில்லை. அங்கே அவனுக்கு யாரும் இல்லை. அவனைச் சிலோன்காரன் என்றுதான் கூப்பிட்டார்களாம். எங்கோ ரோட்டு வேலைக்குப் போன இடத்தில் காய்ச்சலில் செத்துப்போனதாக, அறுபதுகளின் தொடக்கத்தில், அங்கிருந்து வந்த ஒருவர் சொன்னார்.

என் மனைவி அவனுக்குப் பிறகு நெடுங்காலம் இருந்தாள். ஒவ்வொரு தீபாவளிக்கும் அவனுக்குப் பிடித்த அச்சுமுறுக்கு சுடுவாள். சுட்டுக்கொண்டே அவனைத் திட்டுவாள். "வாய அடக்கத் தெரியாத பய. ஒங்க அப்பா அவ்வளவு சொல்லிக் குடுத்தாங்க. அந்த எடத்துல போய்க் கேலி பண்ணுனானே, தன் தலையில தானே மண்ண வாரிப் போட்டுக்கிட்டானே." பிள்ளைகளுக்கு அதைத்தான் சொல்லி வளர்த்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். சில சமயம் 'ஆமாம்' என்றும் சொல்லியிருக்கிறேன். இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பியைக் கடைசி மூச்சுவரை திட்டிவிட்டுத்தான் அவள் போனாள்.

காக்கி உடுப்பில் நின்றவர்களில் ஒருவனுக்குத் தமிழ் தெரிந்திருக்கலாம், நான் பொய் சொன்னால் எல்லோரும் மாட்டியிருப்போம் என்று எனக்கு நானே பல வருஷம் சொல்லிப் பார்த்தேன். தெரிந்திருந்தால் மச்சினனிடம் அவர்களே கேட்டிருப்பார்கள். யாருக்கும் தெரியாது.

போன மாதம் மகள் வந்திருந்தாள். அவளுக்கே இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவள், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டாள்: "அப்பா, மாமாவைப் புடிச்சது நாங்க சிரிச்சதாலயா? தப்பு தப்புன்னு நான்தான் மொதல்ல கத்துனேன். அதைக் கேட்டுத்தான் அந்த ஆளுக்குச் சந்தேகம் வந்துச்சா?"

எட்டு வயதிலிருந்து அவள் இதைச் சுமந்துகொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. "இல்லம்மா" என்றேன். மேலே பேச வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நீ சிரித்ததால் இல்லை. உன் மாமா கேலி செய்ததாலும் இல்லை. உன் அம்மா அவனைத் திட்டியதெல்லாம் என்னைச் சேர வேண்டியது. அந்த அதிகாரிக்கு முசிறி எங்கே இருக்கிறது என்று தெரியாது. என்னிடம்தான் கேட்டார். நான் சொன்னேன்.